மேனி எனும் குடியரசு

சென்னைத் தியாகராய நகரில், பனகல் பூங்காவை விட்டுத் தெற்கு நோக்கி நடப்போர், உஸ்மான் சாலையின் கூட்டத்தில் தாமும் ஒரு துளியாகிக் கரைந்து போகின்றனர். மாலைப் பொழுதானால் அது சாலையன்று. மக்கள் வெள்ளம் புரளும் ஆறு! பட்டும் பொன்னும், பாத்திரமும் பலகாரமும் கண்ணைப் பறிக்கும் விளக்கொளியில் வருவோரை அழைக்கின்றன. அவற்றினிடையே, கண்ணாடிப் பேழைகளில் அணிவகுத்து நிற்கும் மற்றொரு பண்டத்தையும் பாருங்கள். முகத்தைக் கழுவ ஒன்று. கழுவிய முகத்தைத் துடைக்க ஒன்று. துடைத்த முகத்தில் தடவ ஒன்று. தடவியதன் மேல் பூச இன்னொன்று. பகலுக்கு வேறு, இரவுக்கு வேறு, கண்ணின் கீழே வேறு! முகம் ஒன்று, புட்டி ஒன்பது!

அந்த ஒன்பதையும் வாங்கிச் செல்பவள் யார்? செல்வச் சீமாட்டி என்று எண்ணிவிட வேண்டாம். ஏதோ ஒரு கடையில் நாள் முழுதும் நின்று, துணி விரித்துத் துணி மடித்து, கால் கடுக்க உழைத்து, மாத முடிவில் பெற்ற ஊதியத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்து வாங்கும் ஏழைப் பெண்ணாகவும் இருக்கலாம். அவள் வாங்குவது வெறும் களிம்பன்று. "நீ இருக்கிறபடி இருந்தால் போதாது" என்று ஊர் சொன்ன சொல்லுக்கு அவள் தேடும் மாற்று அது. அந்தச் சொல்லை யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், சொல்லி எவர் பயன் பெற்றார்கள்? அதுவே நாம் இங்கு ஆராயும் வரலாறு.

அவள் நடக்கும் சாலையின் பெயரிலிருந்தே தொடங்கலாம். சர் முகமது உஸ்மான், நீதிக்கட்சியின் தலைவர்களில் ஒருவர். 1934-இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் இருந்தவர். 1921-இல், பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், நாட்டு மருத்துவ முறைகளை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் இந்த உஸ்மான். செயலாளர் டாக்டர் ஜி. சீனிவாச மூர்த்தி. சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய முறைகளைக் கையாளும் மருத்துவர்களுக்கு வினாப் பட்டியல்கள் சென்றன. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் விடைகள் வந்தன. 1923-இல் அறிக்கை வெளிவந்தது. 1925-இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது.

அந்தக் குழுவின் ஒவ்வொரு முடிவையும் இன்று நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அது கேட்ட கேள்வி பெரிது. பழையது என்பதற்காகப் போற்றாதே. மேலை நாட்டினர் இகழ்கின்றனர் என்பதற்காகத் தள்ளாதே. அடிப்படை உண்டா என்று கேள்! அப்படிக் கேட்ட குழுவின் தலைவர் பெயரைத் தாங்கிய சாலையில், இன்று எந்தக் கேள்வியும் கேட்காமல் புட்டிகள் கைமாறுகின்றன. காலத்தின் கேலி என்பது இதுதான்.

மாமையும் பசலையும்

தமிழன் தன் மேனியை வெறுத்தவனல்லன். சங்கப் பாடல்களில் பெண்ணின் அழகைச் சொல்ல வரும் சொல் 'மாமை'. மாந்தளிரின் நிறம் என்பர் உரையாசிரியர். கருமை கலந்த ஒளி என்பர். மேனியில் தோன்றும் புள்ளிகளுக்குச் 'சுணங்கு' என்று பெயரிட்டு, அதையும் அழகென்றே பாடினர். பிறகு, வெளுப்புக்குப் பெயரே இல்லையா? இருந்தது: 'பசலை'! காதலன் பிரிந்த துயரத்தால் மேனி ஒளி குன்றி நிறம் மாறும் நிலை அது. அதாவது, அக்காலத் தமிழ்ப் பெண்ணுக்கு நிறம் வெளிறுவது நோயின் அடையாளம். மாமை மீள்வதே நலம். இன்றோ, பசலையைப் புட்டியில் அடைத்துப் பணம் கொடுத்து வாங்குகிறோம்!

அக்காலத்தார் மேனியைப் பேணாமலும் இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடும் காட்சியில், பத்து வகைத் துவர்களும், ஐந்து வகை மணப்பொருள்களும், முப்பத்திரண்டு வகை மூலிகைகளும் ஊறிய நீர் பேசப்படுகிறது. அது செல்வர் இல்லத்துச் சிறப்பு. எளியோர் வீட்டில் பயற்றமாவும், அரப்பும், சீயக்காயும் இருந்தன. சீயக்காயில் நீரில் நுரைக்கும் ஒரு பொருள் உண்டு. அது அழுக்கைப் பற்றி எடுக்கும். அதன் கரைசல் சற்றே புளிப்புத் தன்மை உடையது. இந்தப் புளிப்பை மறந்துவிட வேண்டாம். கதையின் நடுவே அது திரும்பி வரும்.

கப்பலில் வந்த கட்டி

1888-இல் இங்கிலாந்தின் லீவர் நிறுவனத்துச் சன்லைட் சோப்புக் கட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கின. 1895-இல் லைப்பாய் வந்தது; கார்பாலிக் அமிலத்தின் நெடியே அதன் விளம்பரம். சோப்பு தீயதா? இல்லை. 1847-இல் வியன்னா நகர மருத்துவமனையில், பிரசவம் பார்க்கும் மருத்துவர் தம் கைகளைக் கிருமிகொல்லி நீரில் கழுவினாலே தாய்மாரின் மரணம் குறையும் என்று செம்மல்வைஸ் காட்டினார். கை கழுவுதல் கோடி உயிர்களைக் காத்தது. 2020-இல் கொரோனா கொள்ளை நோய் உலகை உலுக்கியபோதும், எளிய சோப்புக் கட்டியே ஏழையின் கேடயமாயிற்று. சோப்பின் புகழை மறைப்பது நன்றி கொல்வதாகும்.

ஆனால் கப்பலில் சோப்பு மட்டும் வரவில்லை. அதனுடன் ஒரு கருத்தும் வந்தது. 1880-களில் இங்கிலாந்தின் பியர்ஸ் சோப்பு விளம்பரப் படம் ஒன்றில், கறுப்பினக் குழந்தையைக் குளிப்பாட்டினால் உடல் வெளுத்துவிடுவதாகத் தீட்டினர். 1899-இல் வந்த மற்றொரு விளம்பரம், தூய்மையின் சிறப்பைக் கற்பிப்பதே 'வெள்ளையர் சுமை'யைக் குறைக்கும் முதல் வழி என்று கூறிற்று. பாருங்கள் சூழ்ச்சியை! அழுக்கு என்பது கழுவினால் போவது. நிறம் என்பது பிறப்போடு வருவது. இரண்டையும் ஒன்றாக்கினார்கள். கறுப்பு அழுக்காயிற்று, வெளுப்பு தூய்மையாயிற்று, ஆளப்படுவோர் அழுக்கராயினர், ஆள்வோர் சலவைக்காரராயினர்!

உள்நாட்டிலும் சோப்புத் தொழில் வளர்ந்தது. 1914-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோழிக்கோட்டில் அரசாங்கச் சோப்பு நிலையம் தோன்றியது. 1917-இல் கொச்சியில் தாதா எண்ணெய் ஆலை தொடங்கியது. அதன் 'ஹமாம்' 1930-களில் தமிழ்நாட்டு வீடுகளில் புகுந்து, குடும்பத்தில் ஒருவர் போலாயிற்று. தென்னையெண்ணெயும் காரமும் சேர்ந்து கட்டியாயின. கிணற்றடியில் பயற்றமாவுக் கிண்ணம் இருந்த இடத்தில் சோப்புப் பெட்டி அமர்ந்தது.

ஒரு செய்தியை மட்டும் எவரும் கவனிக்கவில்லை. சோப்பு காரத்தன்மை உடையது. பி.எச். எனப்படும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். சோப்புக் கரைசலின் அளவு பெரும்பாலும் 9 முதல் 10 வரை. மனிதத் தோலின் மேற்பரப்போ ஏறத்தாழ 5. மேலும், சென்னையில் அடையாறு முதல் மாம்பலம் வரை பல வீடுகளில் குளிப்பதற்கு வருவது உப்பும் சுண்ணமும் மிகுந்த நிலத்தடி நீர். தியாகராய நகரே 1920-களில் மயிலாப்பூரின் நெடிய ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகர்தான். ஏரி போயிற்று, ஆழ்குழாய் வந்தது! சுண்ண நீரில் சோப்பு நன்கு நுரைக்காது. கரையாத வெண்படிவாக மாறித் தோலிலேயே ஒட்டிக்கொள்ளும். நுரை வரவில்லையே என்று மேலும் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்கத் தோல் வறளும். வறண்ட தோல் அரிக்கும். அரிப்புக்கு ஒரு களிம்பு! ஒரு பொருளை விற்றவனே அதன் விளைவுக்கும் மருந்து விற்கும் வாணிபம் இப்படித்தான் பிறந்தது.

தோலை மூடிய புளிப்பு

தோலின் மேல் மெல்லிய அமிலப் போர்வை ஒன்று உண்டு என்று 1928-இல் ஜெர்மன் மருத்துவர்கள் ஷாடேயும் மார்கியோனினியும் எடுத்துரைத்தனர். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து உண்டாக்கும் அந்தப் புளிப்புப் போர்வை, நோய்க் கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் அகழி போன்றது. சீயக்காயின் புளிப்பு அந்த அகழியைத் தூர்ப்பதில்லை. சோப்பின் காரம், சில மணி நேரத்துக்கேனும், தூர்த்துவிடுகிறது.

அந்த மார்கியோனினியின் வாழ்க்கையும் நமக்கொரு பாடம். அவருடைய மனைவி யூத மரபில் வந்தவர். அதனால், 'தூய இனம்' என்று கொக்கரித்த இட்லரின் ஆட்சியில் அவருக்கு வாழ்வில்லை. 1938-இல் நாட்டை விட்டு வெளியேறித் துருக்கியின் அங்காரா நகரில் பணியாற்றினார். போர் முடிந்த பின்பு 1948-இல்தான் தாய்நாடு திரும்பினார். தோலை ஆராய்ந்த அறிஞரைத் தோலையும் குருதியையும் வைத்து மனிதரைப் பிரித்த வெறியர் விரட்டினர்! இனவெறிக்குத் தோலின் நிறம் தெரியும். தோலின் இயல்பு தெரியாது.

காணாத குடிமக்கள்

போர்வை மட்டுமா? அதற்குள் குடிமக்களும் உண்டு. ஆலந்து நாட்டுத் துணி வணிகர் லீவன்ஹூக், தாமே செய்த கண்ணாடிவில்லையின் வழியே தம் பல்லிடுக்கு அழுக்கைப் பார்த்து, அதில் நெளியும் உயிர்களைக் கண்டு 1683-இல் எழுதினார். பின்னர்ப் பாஸ்டரும் கோக்கும் நோய்க்குக் காரணம் கிருமி என்று நிலைநாட்டினர். மாபெரும் உண்மை அது! ஆனால் பெரிய உண்மையின் நிழலில் சிறிய பொய்யொன்று வளர்ந்தது: 'கிருமி என்றாலே பகை.'

1884-இல் ரோசன்பாக் என்ற ஜெர்மானியர், கொத்துக் கொத்தாகத் திரளும் ஒருவகைக் கிருமியில் இரு பிரிவுகள் உண்டென்று காட்டினார்: பொன்னிறத்தது ஒன்று, வெண்ணிறத்தது மற்றொன்று. பொன்னிறத்தது கொப்புளமும் சீழும் தருவது. வெண்ணிறத்ததோ பெரும்பாலும் தோலில் அமைதியாகக் குடியிருப்பது. அமைதியாக இருப்பது மட்டுமா? பிற்கால ஆராய்ச்சி சொல்கிறது, அதன் சில வகைகள் பொன்னிறப் பகைவனைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கின்றன என்று. 2017-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து ரிச்சர்ட் கேலோ குழுவினர், நலமான தோலில் இத்தகைய காவலர் மிகுதி என்றும், கரப்பான் எனப்படும் அரிப்பு நோயாளரின் தோலில் அவர்கள் அரிது என்றும் கண்டனர்.

2009-இல் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த எலிசபெத் கிரைஸ், ஜூலியா செக்ரே முதலியோர், நலமுள்ள 10 பேரின் உடலில் 20 இடங்களிலிருந்து மாதிரி எடுத்து, தோலின் உயிர் வரைபடம் ஒன்றைத் தீட்டினர். நெற்றியின் எண்ணெய் நிலத்தில் ஒரு குடி. அக்குளின் ஈர நிலத்தில் வேறு குடி. முன்கையின் வறண்ட நிலத்தில் இன்னொரு குடி. தமிழனுக்கு இது புதிதா? நிலத்தைத் திணையாகப் பிரித்து, ஒவ்வொரு திணைக்கும் அதற்குரிய மக்களைக் கண்டவன் அல்லவா அவன்! மேனியும் ஒரு நாடு. அதிலும் மருதமுண்டு, பாலையுண்டு. மருதத்துக்கு ஏற்ற ஏரைக் கொண்டு பாலையை உழுதால் என்ன விளையும்? முகத்துக்கும் பாதத்துக்கும், குழந்தைக்கும் கிழவருக்கும் ஒரே கட்டியைத் தேய்ப்பது அத்தகைய உழவே.

இந்தக் குடிகளும் எப்போதும் நல்லவர்கள் அல்லர். சென்னையின் புழுக்கத்தில், தோலில் இயல்பாக வாழும் ஒருவகை நொதிப்பூஞ்சை அளவு மீறிப் பெருகினால், தேமல் படர்கிறது. குடியரசில் ஒரு கட்சி மட்டும் கொழுத்தால் நேரும் கேடு அது. ஆகவே, கிருமியை வணங்கவும் வேண்டாம், வேரறுக்கவும் வேண்டாம். சமநிலை கெடாமல் காப்பதே நலம்.

வேரறுக்கப் புறப்பட்டோர் கதை துயரமானது. 1972-இல் பிரான்சில் மோரான்ழ் என்ற குழந்தைப் பவுடரில், ஹெக்சாகுளோரோபீன் என்ற கிருமிகொல்லி தவறுதலாக மிகுதியாகக் கலந்துவிட்டது. 36 குழந்தைகள் மாண்டனர்! மென்மையான தோலின் வழியே நஞ்சு உட்புகுந்து மூளையைத் தாக்கிற்று. 2016-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், டிரைக்குளோசான் உள்ளிட்ட 19 கிருமிகொல்லிப் பொருள்களைப் பொதுமக்கள் பயன்படுத்தும் சோப்புகளிலிருந்து விலக்கியது. காரணம் என்ன? வெறும் சோப்பையும் நீரையும்விட அவை மேலானவை என்று செய்தவர்களால் மெய்ப்பிக்க முடியவில்லை. பல ஆண்டுகள் அச்சத்தை விற்றனர். ஆதாரம் கேட்டபோது கை விரித்தனர்.

தீட்டும் தூய்மையும்

தூய்மை என்ற சொல்லை நம் நாட்டில் எடுத்தால், தீட்டு என்ற சொல்லை விட்டுவிட முடியாது. மயிலாப்பூர்க் குளக்கரையிலும் மாடவீதிகளிலும் மட்டுமல்ல, தமிழகமெங்கும், ஒரு மனிதனின் தோல் மற்றொரு மனிதனின் தோலைத் தொட்டால் தீட்டு என்று நூற்றாண்டுக் கணக்கில் சொல்லி வந்தனர். குளித்தால் போகும் என்றனர். ஆனால் யார் குளித்தால்? தொட்டவன் ஆயிரம் முறை குளித்தாலும் தீட்டு; தொடப்பட்டவர் ஒரு முழுக்குப் போட்டால் தூய்மை! 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தீண்டாமையை ஒழித்தது. சட்டம் ஒழித்ததை மனம் ஒழித்துவிட்டதா என்பது வேறு கேள்வி.

அறிவியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது? பிறக்கும் குழந்தையின் தோலில் முதலில் குடியேறுவது தாயின் உடலில் வாழும் உயிர்கள். ஒரே வீட்டில் வாழ்வோரின் தோலில் குடிகள் ஒத்திருக்கின்றன. கை குலுக்கினால் பரிமாறிக்கொள்கிறோம். குழந்தையை அணைத்தால் கொடுத்துப் பெறுகிறோம். மேனியைக் காக்கும் படையே பிறர் தொட்டு வந்த படை! தொடுதலால் வருவது தீட்டன்று, வாழ்வு. இதை அறிந்த பின்பும் தொடாதே என்பவன், தன் தாயின் கையையே மறுக்கிறான்.

அடையாறு தரும் பாடம்

தோலைப் பற்றிச் சென்னை அறிந்த அளவுக்கு அறிந்த ஊர்கள் உலகில் சிலவே. அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-இல் நிறுவப்பட்டது. 'இது மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் பற்றியதாயிற்றே!' என்பீர்கள். ஆம். அதனால்தான் அது நமக்குப் பாடம்.

தோல் பதனிடுவோர், முதலில் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைப்பர். ஏன்? காரம், தோலின் மேற்படலத்தைத் தளர்த்தும். உரோமத்தை வேரோடு விடுவிக்கும். காரத்தின் வேலை அதுவே. அந்தக் கழிவு ஆற்றையும் நிலத்தையும் கெடுப்பது கண்டு, சுண்ணாம்புக்கு மாற்றாக நொதிகளைக் கொண்டு மென்மையாக உரோமம் நீக்கும் வழியை அந்த நிலையத்தார் ஆராய்ந்தனர். எண்ணிப் பாருங்கள். செத்த ஆட்டின் தோலுக்கே மென்மையான வழி தேடுகிறது அடையாறு. அதே அடையாற்றில், உயிருள்ள தன் முகத்தைக் காரக்கட்டியாலும் முரட்டு நாராலும் நாளுக்கு மூன்று முறை தேய்க்கும் இளைஞன், 'இன்னும் சுத்தமாகவில்லையே' என்று ஏங்குகிறான்!

உயிருள்ள தோலின் மேற்படலம் செங்கற்சுவர் போன்றது. செல்கள் செங்கல், இடையே உள்ள கொழுப்பு சாந்து. ஏறத்தாழ நான்கு வாரத்தில் அச்சுவர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். கொத்தனார் உள்ளேயே இருக்கிறார். வெளியிலிருந்து நாம் செய்ய வேண்டியது, சாந்தைச் சுரண்டாமல் இருப்பதுதான்.

வெண்மை வாணிபம்

சோப்பின் கதை தூய்மையில் தொடங்கி நிறத்தில் முடிந்தது என்றோம். அடுத்த அதிகாரம் நிறத்திலேயே தொடங்கியது. 1975-இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'பேர் அண்டு லவ்லி'யை வெளியிட்டது. வெளுத்தால் வேலை கிடைக்கும், வெளுத்தால் மணமகன் கிடைப்பான் என்று விளம்பரங்கள் ஓதின. பெண்ணைப் பெற்றவர் வரதட்சணையோடு களிம்புக்கும் கணக்கு வைத்தனர். மாமை என்று பாடப்பட்ட மேனிக்கு, 'மாநிறம்' என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் மணமகள் விளம்பரம் எழுதினர்!

எதிர்க்குரலும் சென்னையிலேயே எழுந்தது. 'விமன் ஆப் வொர்த்' என்ற சென்னை அமைப்பு 2009-இல் 'கறுப்பும் அழகே' என்னும் பொருள்பட ஓர் இயக்கத்தைத் தொடங்கிற்று. 2014-இல் இந்திய விளம்பரத் தர மன்றம், கறுத்தவரைத் தாழ்ந்தவராகக் காட்டும் விளம்பரம் கூடாது என்று நெறி வகுத்தது. 2020-இல், அமெரிக்காவில் ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பின மனிதர் காவலரால் கொல்லப்பட்டு உலகமே கொதித்தெழுந்த நேரத்தில், அந்தக் களிம்பு 'குளோ அண்டு லவ்லி' எனப் பெயர் மாற்றிக்கொண்டது. வெண்மை போய் ஒளி வந்தது. பெயர் மாறியது, பேராசை மாறியதா?

பெயர் தெரிந்த களிம்பைவிடக் கொடியவை பெயர் தெரியாத களிம்புகள். சிலவற்றில் பாதரசம்! அது நிறமியின் உற்பத்தியைத் தடுக்கும். உடலுக்குள் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013-இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை உலகெங்கும் ஒழிக்க வழி செய்தது. வேறு சிலவற்றில் ஸ்டீராய்டு! முதல் வாரம் முகம் மின்னும், தோழியர் புகழ்வர். பிறகு தோல் மெலியும், நரம்பு தெரியும், பருக்கள் வெடிக்கும், படர்தாமரை மருந்துக்கும் அடங்காது, களிம்பை நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும். நிறுத்தவும் முடியாமல், தொடரவும் முடியாமல், கண்ணாடிக்கு முன்னால் அழும் பெண்கள் எத்தனை பேர்! தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் முறையிட்ட பிறகு, 2018-இல் மைய அரசு, இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று ஆணையிட்டது. ஆணை ஏட்டில் இருக்கிறது. களிம்பு கடையில் இருக்கிறது.

பழமைக்கும் தேர்வு

'அப்படியானால் பழமைக்கே திரும்புவோம்' என்று சிலர் மகிழக்கூடும். பொறுங்கள்! மயிலாப்பூர்க் கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடை என்னும் பழைய நாட்டு மருந்துக் கடை புகழ் பெற்றது. அத்தகைய கடைகளின் வாசலில் நின்றாலே வெட்டிவேரும் பூலாங்கிழங்கும் கத்தூரி மஞ்சளும் கலந்த மணம் நெஞ்சை அள்ளும். நலங்கு மாவின் மென்மையைக் குறை கூற வரவில்லை நாம். ஆனால் மணம் சான்றாகாது. மூதாட்டியின் சொல் முடிவாகாது.

நலங்கு மாவில் சிலர் சேர்க்கும் கார்போகரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஒரு பொருள், தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். வெண்புள்ளிக்கு மருந்தாக அறிந்தோர் அளந்து கையாள வேண்டிய பொருளை, அளவறியாமல் பூசிக்கொண்டு சித்திரை வெயிலில் நடந்தால் தோல் புண்ணாகும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்து வெயிலில் நின்றாலும் அதே கதி. நெற்றியில் ஒட்டும் பொட்டின் பசையில் சேரும் வேதிப்பொருளால், பொட்டு வைத்த இடமே வெளுத்துப் போன பெண்களை நம் நாட்டு மருத்துவர்கள் கண்டு எழுதியிருக்கின்றனர். 'இயற்கை' என்ற முத்திரையும் ஒரு விளம்பரமே. நஞ்சும் இயற்கைதான், நாகமும் இயற்கைதான்!

புதுமையின் வேடத்தையும் நம்பிவிடக் கூடாது. தோலின் நுண்ணுயிர் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்ததும், 'நல்ல கிருமி சேர்த்த களிம்பு' என்று பத்தாவது புட்டியும் வந்துவிட்டது. கெடாமலிருக்கக் கிருமிகொல்லி சேர்த்த புட்டிக்குள் உயிருள்ள கிருமி எப்படி வாழும் என்று வாங்குவோர் கேட்பதில்லை. நேற்று கிருமியைக் கொல்லப் பணம் கேட்டான் வணிகன். இன்று கிருமியை வளர்க்கப் பணம் கேட்கிறான். கேட்பவன் ஒருவனே, கொடுப்பவளும் ஒருத்தியே!

குறைவே நிறைவு

பின் என்னதான் செய்வது? அறிவியல் காட்டும் வழி மிக எளியது. எளியது என்பதால் எவரும் அதை விளம்பரப்படுத்துவதில்லை.

கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். உண்ணுமுன்னும் கழிப்பறை சென்று வந்த பின்னும் தவறாமல் கழுவுங்கள். அதில் சிக்கனம் வேண்டாம். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களைத் தூய்மை செய்யுங்கள். ஏனைய உடலுக்கு நாள்தோறும் நுரை தேவையில்லை. நல்ல நீரே பெரும்பாலும் போதும். முகத்துக்குக் காரமற்ற மென்மையான கழுவுபொருள் ஒன்று போதும். முரட்டு நார் வேண்டாம். ஈரம் முழுதும் உலருமுன், வறண்ட இடத்தில் மணமில்லாத எளிய மென்களிம்பைத் தடவலாம். வேர்க்குரு காலத்தில் காற்றோட்டமான பருத்தியுடை, எந்தப் பவுடரினும் மேல். வெயிலுக்குக் குடை வெட்கமன்று. புதிய பொருள் எதுவாயினும் முதலில் முன்கையில் சிறிது தடவிச் சில நாள் பொறுத்துப் பாருங்கள்.

நோய் என்றால் கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். குறிப்பாக, வெளிறிய தேமல் போன்ற ஓரிடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால், மறைத்துப் பூச்சுப் பூசாமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது தொழுநோயாகவும் இருக்கலாம். 1981 முதல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்து வரும் கூட்டு மருந்தால் அது முற்றும் குணமாவது; காலந்தாழ்த்தினால்தான் கையும் காலும் ஊனமாவது.

இனி, மீண்டும் உஸ்மான் சாலைக்கு வருவோம். அந்தப் பெண் கடையின் முன் நிற்கிறாள். கையில் புட்டி, மனத்தில் ஏக்கம். அவளுடைய மேனியில் கோடிக்கணக்கான குடிமக்கள், ஊதியமும் விளம்பரமும் இன்றி, இரவும் பகலும் காவல் காத்துக்கொண்டிருக்கின்றனர். அவளுடைய கருமை, கொளுத்தும் சென்னை வெயிலிலிருந்து அவளைக் காக்க இயற்கை விரித்த குடை. அவளிடம் குறை ஒன்றும் இல்லை. குறை சொன்னவர்களிடம்தான் சரக்கு இருக்கிறது!

நூறாண்டுக்கு முன், உஸ்மான் குழு வைத்தியர்களைப் பார்த்துக் கேட்டது: 'உங்கள் முறைக்கு அடிப்படை என்ன?' அந்தக் கேள்வியை இன்று அந்தப் பெண் கடைக்காரரைப் பார்த்துக் கேட்கட்டும். 'இதில் என்ன இருக்கிறது? யார் ஆராய்ந்தார்கள்? என் தோலுக்கு இது எதற்கு?' என்று கேட்கட்டும். விடை கிடைத்தால் வாங்கட்டும். கிடைக்காவிட்டால், புட்டியைப் பேழையிலேயே வைத்துவிட்டு, தன் மாமை ஒளிரத் தலை நிமிர்ந்து நடக்கட்டும்.